அப்பாவோட கதைய 23 தடவை சொன்னேன்

போன வாரம் பழைய நோட்டு ஒன்னை எடுத்து வச்சு ஒக்காந்து எண்ணிப் பார்த்தேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு, எப்ப ஆரம்பிச்சுது, என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு, ராத்திரி தூங்குறாரா, யாரையாவது அடிக்கிறாரா, இதையெல்லாம் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் 14 மாசத்துல 23 தடவை சொல்லியிருக்கேன். 23 பேருகிட்ட. ஒருத்தர் கேட்டதை அடுத்தவருக்கு யாரும் சொல்லல, சொல்றதுக்கு வழியும் கிடையாது, ஏன்னா அவங்களுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாது. எல்லாருக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டு இருந்தது நானும் ஒரு மஞ்சப்பையும்தான், பைக்குள்ள ஸ்கேன், ரத்த டெஸ்ட் ரிசல்ட், நாலஞ்சு ஆஸ்பத்திரி சீட்டு, ஆதார் ஜெராக்ஸ்.

ஏன் இப்ப எண்ணினேன்னா, எங்க ஒன்றியத்துல வயசானவங்களுக்கு என்ன பண்ணலாம்னு பேச ஒரு கூட்டம் போட்டாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், கிராம சுகாதார நர்ஸுங்க, பஞ்சாயத்து செயலர்கள், மகளிர் குழு லீடருங்க எல்லாரும் வந்திருந்தாங்க, வீட்ல டிமென்ஷியா, அதாவது மறதி நோய், உள்ளவங்களைப் பாக்குற ஆள்ங்கிற முறையில என்னையும் கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல அழாம பேசி முடிச்சதே பெரிய விஷயம். சொல்ல வேண்டியது பாதிக்கு மேல மிச்சம் இருக்கு, அதை இங்க எழுதி வைக்கிறேன்.

அப்பா கவர்மெண்ட் பஸ் கண்டக்டர். 31 வருஷம் சர்வீஸ். ஒரு டிரிப் முடிஞ்சா பையில இருக்குற காசும் டிக்கெட் கணக்கும் ஒரு ரூபா பிசகாது, டிப்போல அப்பா டிக்கெட் கணக்கு எழுதுற தாளை, அதான் வே பில்லைத்தான், புதுசா வர்ற கண்டக்டருங்களுக்கு எடுத்துக் காட்டுவாங்களாம். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் பால்காரர்கிட்ட மாசக் காசு குடுத்துட்டு, மறுநாளும் குடுத்தாரு, மூணாவது நாளும் குடுக்கப் போனாரு. பால்காரர் நல்லவரு, அம்மாவக் கூப்பிட்டு திருப்பிக் குடுத்துட்டாரு. அம்மா எங்ககிட்ட சொல்லல. மூட்டுவலியோட சமையல் பண்ணி துணி துவைச்சு, இதையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

முதல்ல பார்த்த டாக்டர் "வயசானா அப்படித்தாம்மா, 74 ஆச்சுல்ல"ன்னாரு. ரெண்டாவது போன எடத்துல ஒரு டெஸ்ட் வச்சாங்க, நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்கன்னு. அப்பா சட்டு சட்டுன்னு 93, 86, 79, 72, 65ன்னு சொல்லிட்டாரு. வாழ்க்கை முழுக்க ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டு சில்லறை குடுத்தவருக்கு அது என்ன கஷ்டம். நல்லா இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதே டெஸ்ட்டை எங்க பக்கத்து வீட்டு பாட்டிக்கு வச்சிருந்தா ஒன்னுகூட தேறாது, அவங்க பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல, ஆனா ஊர்ல யார் வீட்டுல என்னைக்கு என்ன விசேஷம் நடந்துச்சுன்னு நாப்பது வருஷத்துக்கு வரிசையா சொல்லுவாங்க. படிப்பு, வேலை, பழக்கம் இதெல்லாம் பார்க்காம ஒரே கேள்விய எல்லாருக்கும் வச்சா, நோய் இருக்குறவங்க தப்பிப்பாங்க, இல்லாதவங்க மாட்டுவாங்க. வீட்ல கூட இருக்குறவங்ககிட்ட "ரெண்டு வருஷம் முன்னாடி தானா செஞ்ச எந்த வேலைய இப்ப செய்ய முடியல"ன்னு கேட்டிருந்தா அம்மா அன்னைக்கே பால்காரர் கதைய சொல்லியிருப்பாங்க.

ஒன்பதாவது மாசம்தான் நகரத்துல ஒரு நரம்பு டாக்டர் முழுசா பார்த்தாரு. பி12, தைராய்டு, சோடியம் எல்லாம் எடுக்கச் சொன்னாரு, ஏன்னா இதுல எது கொறஞ்சாலும் மறதி வரும், அதை சரி பண்ணா மறதியும் கொறைய வாய்ப்பு உண்டு, மனச்சோர்வும் பாக்குறதுக்கு அப்படியே டிமென்ஷியா மாதிரியே இருக்குமாம். தலையில ரத்தக்கசிவு ஏதும் இருக்கான்னு ஸ்கேன். அதெல்லாம் இல்லைன்னு ஆன பிறகுதான் டிமென்ஷியாவுல ஒரு வகையான அல்சைமர், கூடவே ரத்தக்குழாய் பிரச்சனையும் கலந்திருக்குன்னு சொன்னாரு. டோனெபெசில் மாத்திரை ஆரம்பிச்சாரு, இது நோயை நிறுத்தாது, கொஞ்ச காலத்துக்கு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்னு நேர்மையா சொல்லிட்டாரு. அந்த நேர்மைக்கு நான் இன்னைக்கும் நன்றியோட இருக்கேன்.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்னு இருக்கு. அப்பாவுக்கு ரொம்ப நாளா பிரஷர். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்துச்சு இல்லையா, அதுக்கப்புறம் மாத்திரை வீட்டுக்கே வந்துருது. அதைக் கொண்டு வர்ற தங்கச்சி என்கிட்ட ஒரு நாள் ரொம்ப தயங்கி சொல்லுச்சு, "அக்கா, எனக்கு ஏழெட்டு மாசம் முன்னாடியே சந்தேகம்க்கா. மாத்திரை குடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள, ஏம்மா மாத்திரை இன்னும் வரலையேன்னு கேப்பாரு. பழைய அட்டை பிரிக்காம அப்படியே கெடக்கும். இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, எங்க ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்ல." எல்லா டாக்டருக்கும் முன்னாடி நோயை கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணு. ஃபார்ம்ல ஒரு கட்டம் இல்லாததால ஏழெட்டு மாசம் போச்சு.

சரி, இது எங்க வீட்டு கதை மட்டும்தானான்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். லாசி டாட்னு 2023ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவுல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்குன்னு சொல்லுது, ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களை விட பெண்களுக்கு அதிகம், நகரத்தை விட கிராமத்துல அதிகம். தமிழ்நாட்டுல 2021 கணிப்புப்படி மக்கள்தொகையில 13.6 சதவீதம் பேர் 60 தாண்டினவங்க, கேரளாவுக்கு அடுத்து நாமதான். ஒரு துணை சுகாதார நிலையம்னா கணக்குக்கு 5000 பேர். அதுல 680 பேர் வயசானவங்க. அதுல 7.4 சதவீதம்னா 50 பேர். இது நாடு முழுக்க உள்ள சராசரிய வச்சுப் போட்ட கணக்கு, ஊருக்கு ஊரு கூடும் கொறையும், இருந்தாலும் ஒரு நர்ஸு பாக்குற ஏரியாவுல ஏறக்குறைய 50 பேர். ஒரு லட்சம் பேர் உள்ள ஒன்றியத்துல ஆயிரம் பேர்.

கூட்டத்துல இதை சொன்னப்ப ஒரு நர்ஸம்மா சட்டுன்னு "எங்க ஏரியால அப்படி யாரும் இல்லையே"ன்னாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "கீழத்தெரு பெரியம்மா... அந்த மில்லுக்காரர் அப்பா... டீக்கடை தாத்தா..."ன்னு அவங்களே விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. ஏழு பேர் வந்துச்சு. எல்லாரையும் அவங்களுக்கு தெரியும். "நெனப்பு தப்பிருச்சு", "பெருசு சின்னப்புள்ள மாதிரி ஆயிருச்சு"ன்னு தெரியும். நோயாளியா தெரியாது, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்துல பெரும்பாலும் பேசினது ஒரு கட்டடம் பத்தி. முதியோர் இல்லம் கட்டலாம், 20 பெட் போடலாம், யார்கிட்ட நிதி கேக்கலாம். நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. ஆனா ஆயிரம் பேர்ல 20 பேரை உள்ள வச்சா மிச்சம் 980 பேர் வீட்லதான இருக்கப் போறாங்க? வீட்ல இருக்குறவங்களைச் சுத்தி ஏற்கனவே எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்க. மாத்திரை கொண்டு வர்ற தங்கச்சி, கிராம நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம், மாவட்ட மனநலத் திட்டத்துல குறிப்பிட்ட நாள்ல தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர்ற மனநல டாக்டர், மாவட்ட ஆஸ்பத்திரி முதியோர் வார்டு, 108, முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416, போலீஸ் ஸ்டேஷன், பேங்க், ரேஷன் கடை. ஒவ்வொன்னும் தனித்தனியா ஒரு தீவு மாதிரி நிக்குது. எங்களுக்கு இல்லாதது ஒரு தீவுல இருந்து இன்னொன்னுக்கு போற பாதை. திட்டம் போடுறதுன்னா அந்தப் பாதையத்தான் முதல்ல போடணும்னு நான் நெனைக்கிறேன், கட்டடம் அப்புறம் வரட்டும்.

இது நடக்காத காரியம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா இதே தமிழ்நாட்டுல நானே அனுபவிச்சிருக்கேன். என் பொண்ணு வயித்துல இருந்தப்ப நர்ஸம்மா வந்து பதிவு பண்ணி பிக்மின்னு ஒரு கர்ப்பப் பதிவு நம்பர் குடுத்தாங்க, ஒரு அட்டை குடுத்தாங்க. ஒரு செக்கப் போகலைன்னா வீட்டு வாசல்ல வந்து நின்னு திட்டுவாங்க. பிரசவத்துக்கு அம்மா ஊருக்கு வந்தப்ப அந்த அட்டைய காட்டினதும் முதல் மாசத்துல இருந்து எடை, ரத்தம், ஊசி எல்லாமே அங்க உள்ளவங்களுக்கு தெரிஞ்சுபோச்சு, நான் வாயத் தொறக்கவே இல்ல. ஒரு பிள்ளை பொறக்குறதுக்கு இந்த நாடு இப்படி ஒரு சங்கிலி போட்டு வச்சிருக்கு. அப்பாவுக்கு அப்படி ஒரு அட்டை, ஒரு நம்பர், "போன தடவை ஏன் வரல"ன்னு வந்து திட்ட ஒரு ஆள் இருந்தா போதும்னு எத்தனை ராத்திரி நெனச்சிருக்கேன்.

கண் கேம்ப்பும் அப்படித்தான். எங்க கரிசக்காட்டுல கண் கேம்ப் தெரியாத ஆள் கிடையாது. மதுரையில டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல அரவிந்த் கண் மருத்துவமனைய 11 பெட்டோட ஆரம்பிச்சாரு, அது இவ்வளவு தூரம் வந்ததுக்கு முக்கிய காரணம் கேம்ப்புங்கதான். உள்ளூர்ல ஒரு சங்கமோ கோயில் கமிட்டியோ பொறுப்பு எடுத்துக்கும், பள்ளிக்கூடம் எடம் குடுக்கும், டாக்டருங்க வந்து பாப்பாங்க, ஆபரேஷன் தேவைப்படுறவங்களை பஸ்ல ஏத்திட்டு போயி திரும்ப கொண்டு வந்து விடுவாங்க. எங்க ஆச்சிக்கு ரெண்டு கண்ணும் அப்படித்தான் ஆச்சு. ஆளாளுக்கு ஒரு வேலை, யார் எதை செய்யணும்னு முன்கூட்டியே தெளிவா இருந்துச்சு. இதுல இன்னொன்னும் இருக்கு, 2024ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட கமிஷன் டிமென்ஷியாவுக்கு மாத்தக்கூடிய 14 காரணங்களை பட்டியல் போட்டுச்சு, சுகர், பிரஷர், காது கேக்காதது, புகை, தனிமை இதோட கவனிக்காம விட்ட பார்வைக் குறைவும் இப்ப அதுல சேர்ந்திருக்கு. இந்த 14ஐயும் கவனிச்சா ஏறக்குறைய 45 சதவீதம் டிமென்ஷியாவ தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்குன்னு சொல்றாங்க. அப்ப கண் கேம்ப் நடத்துறவங்களும் இந்த மேசையில ஒக்கார வேண்டியவங்கதான், காது மெஷின் குடுக்குறவங்களும்தான்.

எங்க சித்தி பொண்ணு பாலக்காடு பக்கம் வாக்கப்பட்டிருக்கா. அவ மாமியார் படுக்கையில விழுந்தப்ப பஞ்சாயத்துல இருந்து பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது வலி, வேதனையைக் குறைச்சு பாத்துக்குற நர்ஸ், ஒரு வண்டியில வீட்டுக்கு வந்து புண்ணைக் கழுவி கட்டி, டியூப் மாத்தி, இவளுக்கு எப்படி திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டு போவாங்களாம். கூட அதே வார்டுல இருக்குற தன்னார்வலர் ஒருத்தர். "பணம் எவ்வளவுடி"ன்னு கேட்டேன், "அது பஞ்சாயத்து குடுக்குதுக்கா"ன்னா. எனக்கு நம்பவே முடியல. அப்புறம் படிச்சுப் பார்த்தேன். 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல சின்னதா ஆரம்பிச்ச வலி நிவாரண வேலை, பிறகு மலப்புரம் பக்கம் ஊர் மக்களே கையில எடுத்துக்கிட்டாங்க, யாருக்கு உதவி வேணும்னு பாக்குறது, சாப்பாடு, மருந்து, பிள்ளைங்க படிப்பு வரைக்கும் தெருக்காரங்களே. 2008ல கேரள அரசு அதை கொள்கையாவே ஆக்கிச்சு, இந்தியாவுல இதுக்குன்னு கொள்கை போட்ட முதல் மாநிலம் அதுதான். டிமென்ஷியாவுக்கான நம்ம நாட்டு சங்கமும் 1992ல கேரளாவுலதான் ஆரம்பமாச்சு. ஊர் முதல்ல, அரசாங்கம் அப்புறம், ரெண்டும் சேர்ந்து மூணாவதா பஞ்சாயத்து பட்ஜெட். அந்த வரிசை எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

இப்ப அப்பா காணாமப் போன நாள் பத்தி சொல்லணும்.

ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. அம்மா ரேஷனுக்கு போயிருந்தாங்க, நான் வேலைக்கு. காலையில பத்தே முக்காலுக்கு அம்மா வீடு திரும்பி பார்த்தா கதவு தொறந்து கெடக்கு, ஆணியில மாட்டியிருந்த பழைய தோல் பை இல்ல. அது அப்பாவோட கண்டக்டர் பை. ரிட்டயர் ஆனப்ப பிரிய மனசில்லாம வச்சிருந்தாரு. நான் ஓடி வந்து, தெருத்தெருவா தேடி, கெணத்தையெல்லாம் எட்டிப் பார்த்து (அதை எழுதும்போது இப்பவும் கை நடுங்குது), ஸ்டேஷன்ல போயி போட்டோ குடுத்து, என்ன கலர் சட்டைன்னு கேட்டப்ப எனக்கு ஞாபகமே வரல. மதியம் மூணரை. அப்பத்தான் டிரைவர் சித்தப்பா, அப்பா கூட 12 வருஷம் ஒரே வண்டி ஓட்டினவரு, விஷயம் தெரிஞ்சு அவங்க டிப்போ வாட்ஸப் குரூப்ல போட்டோ போட்டாரு. கூடவே ஒரு வரி, "நம்ம அண்ணாச்சிக்கு நெனப்பு சரியில்ல, யார் வண்டியிலயாவது ஏறியிருந்தா இறக்கி விட்டுராதீங்க."

40 நிமிஷம். 26 கிலோமீட்டர் தள்ளி ஒரு பஸ் ஸ்டாண்டுல இருந்து டைம் கீப்பர் போன் பண்ணாரு. "ஒரு பெரியவர் மத்தியானம் வந்து எம் வண்டி எங்க, வே பில்ல குடுன்னு கேட்டுக்கிட்டு நின்னாரு. பேச்சைக் கேட்டதும் நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. வண்டி லேட்டு சார், இருங்கன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்து ரூம்ல ஒக்கார வச்சிருக்கேன், தயிர்சாதமும் சாப்பிட்டாரு. நீங்க மெதுவா வாங்க."

வண்டி லேட்டு சார்னு சொன்னாரு பாருங்க. யாரும் அவருக்கு டிரெயினிங் குடுக்கல. எதுத்துப் பேசல, உங்களுக்கு வேலையே இல்லைன்னு சொல்லல, விரட்டல. அப்பாவோட உலகத்துக்குள்ள போயி ஒரு நாற்காலி போட்டு ஒக்கார வச்சாரு. நாங்க போனப்ப அப்பா நிம்மதியா பையை மடியில வச்சுக்கிட்டு வண்டிய எதிர்பார்த்து ஒக்காந்திருந்தாரு.

ஜப்பான்ல ஒமுதான்னு ஒரு ஊர், ஃபுகுவோகா பக்கம். நிலக்கரிச் சுரங்க ஊர், 1997ல சுரங்கத்தை மூடிட்டாங்க, இளவட்டம் எல்லாம் வேற ஊருக்கு பிழைக்க போக, வயசானவங்க மட்டும் தங்கிட்டாங்க. கேக்கும்போதே நம்ம ஊர் மாதிரி இல்ல? இங்கயும் பசங்க திருப்பூர் போயாச்சு, சென்னை போயாச்சு. அந்த ஊர்ல 2004ல இருந்து காணாமப் போனவரைத் தேடுற ஒத்திகை நடத்துறாங்க. ஒருத்தர் வழி தெரியாத பெரியவரா தெருவுல நடப்பாரு, அவரைப் பத்தி தகவல் போலீஸ், கடை, டாக்ஸி, ஸ்கூல் எல்லாருக்கும் போகும், பாக்குறவங்க பக்கத்துல போயி எப்படி பேசணும்னு பழகுவாங்க. அதே 2004லதான் ஜப்பான்ல இந்த நோய்க்கு இருந்த பழைய பேரையே மாத்தினாங்க, அது புத்தி கெட்டவன்ங்கிற மாதிரி அவமானமா இருந்துச்சுன்னு. இங்க கிறுக்குன்னு சொல்றாங்க இன்னும். அப்பாவ பார்த்து ஒரு சின்னப் பையன் சொன்னான், அதை அவன் வீட்டுப் பெரியவங்ககிட்ட இருந்துதான கத்துக்கிட்டிருப்பான்.

எங்க டிப்போ குரூப் செஞ்சதும் அந்த ஒமுதா செஞ்சதும் ஒன்னுதான். வித்தியாசம் என்னன்னா அங்க முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்காங்க, இங்க அப்பா கண்டக்டரா இருந்த அதிர்ஷ்டத்துல நடந்துச்சு. அவர் விவசாயியா இருந்திருந்தா? கீழத்தெரு பெரியம்மாவுக்கு எந்த குரூப் இருக்கு?

இன்னொரு நாளும் சொல்லியே ஆகணும், சுருக்கமா சொல்றேன், நீட்ட முடியல. போன மார்கழியில அப்பாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல், ஒரே நாள்ல ஆள் மாறிட்டாரு, இல்லாதவங்ககிட்ட பேசுறாரு, கத்துறாரு. வயசானவங்களுக்கு, அதுவும் டிமென்ஷியா இருக்குறவங்களுக்கு, இன்ஃபெக்‌ஷன் வந்தா இந்த மாதிரி திடீர்க் குழப்பம் வரும், டெலிரியம்னு பேரு, வைத்தியம் பண்ணா பெரும்பாலும் இறங்கும். எங்களுக்கு அது தெரியாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம், ராத்திரி என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டாங்க, காலையில போயி பார்த்தா ரெண்டு கையையும் கட்டில்ல கட்டிப் போட்டிருந்தாங்க. டிரிப்ஸை பிடுங்குறாருன்னு. அந்த ராத்திரி டூட்டியில இருந்த பொண்ணுக்கு இருபது வயசு இருக்கும், தனியா 15 பேஷண்ட்டை பார்த்திருக்கு, அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட "இவருக்கு டிமென்ஷியா, கண்டக்டரா இருந்தவர், கையில ஒரு பேப்பர் கட்டு குடுத்தா அமைதியாயிருவாரு, மக ராத்திரி கூடவே இருக்கட்டும்"னு நாலு வரி எழுதின ஒரு தாள் இருந்திருந்தா கட்டியிருக்க மாட்டாங்க. பிரிட்டன்ல அல்சைமர் சொசைட்டி இப்படி ஒரு தாளை அச்சடிச்சே குடுக்குது, எனக்கு என்ன பிடிக்கும், எதுக்கு பயப்படுவேன்னு எல்லாம் அதுல எழுதி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகலாம். வீட்டுக்கு வந்ததும் நானே ஒன்னு எழுதி லேமினேட் பண்ணி மஞ்சப்பையில முதல்ல வச்சிருக்கேன். இப்ப எங்க போனாலும் கதைய அந்தத் தாளே சொல்லுது. 24வது தடவை நான் சொல்லல.

அதனால கூட்டத்துக்காரங்ககிட்ட நான் கேக்குறது ரொம்ப பெருசா ஒன்னும் இல்ல. மாத்திரை கொண்டு வர்ற தங்கச்சியோட ஃபார்ம்ல நாலு கேள்வி சேருங்க, ஆனா வேலைய சேர்த்தா ஊதியத்தையும் சேருங்க, ஏற்கனவே அந்தப் பிள்ளைங்க வெயில்ல நடந்தே சாகுது, அன்பு சேவைன்னு சொல்லி இன்னொரு மூட்டைய தலையில ஏத்தாதீங்க. மனநல டாக்டர் வர்ற அந்த நாள்ல, மாசம் ஒரு தடவையாவது, மறதிக்குன்னு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, அன்னைக்கே ரத்தமும் எடுத்துருங்க, 50 கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்கு மூணு தடவை அலைய விடாதீங்க. ஒரு அட்டை. ஒன்றியத்துக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவங்க பேரும் போன் நம்பரும் அட்டை மேலயே இருக்கணும், நர்ஸோ சமூகப் பணியாளரோ யாரா இருந்தாலும் சரி, ஆயிரம் குடும்பமும் முதல்ல கூப்பிடுற ஆள். அவங்க மிச்ச எல்லாரையும் கூப்பிடுவாங்க. பேங்க் மேனேஜரையும் கூட்டத்துக்கு கூப்பிடுங்க, ஏன்னா அப்பாவோட கையெழுத்து இப்ப மாறிப்போச்சு, பென்ஷன் எடுக்கப் போற ஒவ்வொரு தடவையும் அவரை கவுண்டர் முன்னாடி நிக்க வச்சு அஞ்சு தடவை கையெழுத்து போடச் சொல்றது என்ன கொடுமைன்னு அவங்க கண்ணால பாக்கணும். அம்மாவுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு வேணும். சமுதாயக்கூடம் கல்யாணம் இல்லாத நாள்ல பூட்டித்தான் கெடக்கு, மகளிர் குழுவுல ரெண்டு பேருக்கு டிரெயினிங் குடுத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பத்து பேரை பார்த்துக்கிட்டா பத்து அம்மாக்கள் ஒரு நாளாவது நீட்டி நிமிர்ந்து படுப்பாங்க. அம்மாவுக்கு இப்ப சுகர் வந்திருக்கு, செக்கப்புக்கு போகவே நேரம் இல்ல, இதுவும் இந்த நோயோட கணக்குலதான் வரணும்.

அப்புறம் இது எல்லாத்துக்கும் மேல ஒருத்தர் பொறுப்பு எடுத்து கையெழுத்து போடணும். சுகாதாரத்துறை ஒரு பக்கம், சமூகநலத்துறை ஒரு பக்கம், ஊரக வளர்ச்சி ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், இவங்க நாலு பேரையும் ஒரே ரூம்ல ஒக்கார வைக்க முடிஞ்ச ஆள் மாவட்டத்துல கலெக்டர்தான். உலக சுகாதார நிறுவனம் 2017ல டிமென்ஷியாவுக்கு ஒரு செயல்திட்டம் போட்டப்ப, 2025க்குள்ள நாலுல மூணு பங்கு நாடுகளாவது தனக்குன்னு ஒரு திட்டம் வச்சிருக்கணும்னு இலக்கு வச்சாங்க. நாடு, மாநிலம்னு மேல இருந்து வரட்டும், வேணும்தான். ஆனா ஒமுதாவும் மலப்புரமும் மேல இருந்து வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கல. திட்டம் ஜெயிச்சுச்சான்னு பாக்க எத்தனை பெட்டுன்னு எண்ணாதீங்கன்னும் சொன்னேன். வீட்ல முதல் சந்தேகம் வந்ததுக்கும் நோய் இதுன்னு தெரிஞ்சதுக்கும் நடுவுல எத்தனை மாசம், ஒரு குடும்பம் எத்தனை தடவை கதைய முதல்ல இருந்து சொன்னுச்சு, இந்த ரெண்டையும் எண்ணுங்க. எங்க வீட்டுக் கணக்கு நோட்டுல இருக்கு.

சாயங்காலம் அஞ்சரை ஆனா அப்பாவுக்கு ஒரு பதட்டம் வந்துரும், லாஸ்ட் டிரிப் இருக்குன்னு எந்திரிச்சுருவாரு. முன்னாடியெல்லாம் "அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி 16 வருஷம் ஆச்சு"ன்னு சொல்லுவேன், அழுவாரு, கோவப்படுவாரு. டைம் கீப்பர் அண்ணாச்சிகிட்ட இருந்து கத்துக்கிட்டேன், இப்ப அப்படி சொல்றதில்ல. திண்ணையில ஒக்காந்து பழைய டிக்கெட் கட்டை கையில குடுத்துருவோம். ஒரு நாள் என்னையே பார்த்து "ஏம்மா, எங்க போகணும்?"னு கேட்டாரு. எங்க ஊர் பேரை சொன்னேன். நிதானமா ஒரு டிக்கெட்டை கிழிச்சுக் குடுத்து, "அந்த ஸ்டாப்புல நிக்கும், நான் சொல்றேன், நீ தூங்கு தாயி"ன்னாரு.

அடுத்த கூட்டம் வர்ற ரெண்டாவது செவ்வாய்க்கிழமைன்னு தகவல் வந்திருக்கு. இந்த தடவை அஞ்சு நிமிஷம் இல்ல, அரை மணி நேரம் தர்றேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. மாத்திரை தங்கச்சி வருது. டிரைவர் சித்தப்பா வர்றாரு. டைம் கீப்பர் அண்ணாச்சிக்கும் போன் பண்ணேன், அன்னைக்கு மட்டும் ஷிப்ட் மாத்தி வாங்கிட்டாராம்.